எர்த் அறுந்த வீடும், நான் உட்கார வைத்த கேள்வியும்

 

போன வாரம் நம் குடும்பக் குழுவில் அந்தச் செய்தி மறுபடியும் வந்தது. உங்களில் பலருக்கும் வந்திருக்கும். திருநள்ளாறு கோயிலுக்கு மேலே வரும்போது நாசாவின் செயற்கைக்கோள்கள் 3 விநாடி நின்றுவிடுகின்றனவாம். சனிக்கிரகத்திலிருந்து வரும் கதிர்கள் நேராகக் கோயில் மேல் விழுவதுதான் காரணமாம். விஞ்ஞானிகளே நேரில் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்களாம். அதற்குக் கீழே திருச்சியிலிருந்து என் நாத்தனார் மகள் கேட்டிருந்தாள்: "அத்தை, நீங்கதான் அந்த ஊர்க்காரங்க. இது நெஜமா? நீங்க சொன்னா நம்புறேன்."

"நீங்க சொன்னா நம்புறேன்" என்ற அந்த வரி என்னை அன்று தூங்கவிடவில்லை. காரணம் இருக்கிறது. பல வருஷங்களுக்கு முன்பு இதே கதையை நான் ஐந்தாம் வகுப்பில் பாடம் மாதிரி சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளும் நான் சொன்னதால்தான் நம்பினார்கள். ஒரே ஒரு பையன் மட்டும் நம்பவில்லை.

அவனைப் பற்றியும், போன கோடையில் அவன் போனிலேயே எங்கள் வீட்டில் ஒரு பெரிய ஆபத்தைக் கண்டுபிடித்தது பற்றியும் இன்று எழுதுகிறேன். பதிவு நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள். நாத்தனார் மகளுக்கான பதிலும் இதில் இருக்கிறது.

எங்கள் வீடு உங்களுக்குத் தெரியும். முன்பக்கம் என் மாமனார் கட்டிய நாட்டு ஓட்டு வீடு. பின்பக்கம் பிறகு சேர்த்த கான்கிரீட் தளம். பதினோராம் வகுப்பு படிக்கும் பேத்திக்கு ஒரு சந்தேகம் வந்தது. "அப்பாயி, எல்லாரும் ஓட்டு வீடுதான் குளிர்ச்சிங்கிறாங்க. எவ்வளவு குளிர்ச்சி? எந்த நேரத்துல?" அதை அளந்து பார்ப்பதையே அறிவியல் செயல்திட்டமாக எடுத்துக்கொண்டாள்.

அவளுடைய இயற்பியல் ஆசிரியர் தன் கைக்காசில் வாங்கி வைத்திருந்த ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்து அனுப்பினார். எக்ஸ்பைஸ் என்று பெயர். டெல்லியில் உள்ள இன்டர் யுனிவர்சிட்டி ஆக்சலரேட்டர் சென்டரில், ஃபீனிக்ஸ் என்ற திட்டத்தின் கீழ் உருவானது. அங்கே இருந்த விஞ்ஞானி அஜித்குமாரும் அவருடைய குழுவினரும், நம் ஊர்ப் பள்ளி கல்லூரிப் பிள்ளைகளும் குறைந்த செலவில் சோதனை செய்து பார்க்க வேண்டும் என்று இதை வடிவமைத்தார்கள். வரைபடமும் மென்பொருளும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கையளவுப் பெட்டி. ஒரு பக்கம் சென்சார் கம்பிகளை மாட்டினால், இன்னொரு பக்கம் யு.எஸ்.பி. வழியாக லேப்டாப்பில் எண்ணாகவும் கோடாகவும் வந்து விழும். இப்படிப்பட்ட கருவிகளுக்குத் தரவு சேகரிப்புக் கருவி என்று பெயராம். ஆஸ்பத்திரியில் இருதயத் துடிப்பைக் கோடாகக் காட்டுகிறதே, அதுவும் இந்தச் சாதிதான்.

பேத்தி எல்எம்35 என்ற வெப்பநிலைச் சென்சார் இரண்டு வாங்கினாள். பார்க்க சின்ன டிரான்சிஸ்டர் மாதிரி மூன்று கால்களோடு இருக்கும். ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் கொடுக்கும். அதாவது 30 டிகிரி வெயில் என்றால் 0.30 வோல்ட். கணக்கு சுலபம். முன்னறையில் ஒன்று, பின்னறையில் ஒன்று மாட்டி, ஸ்பீக்கர் ஒயரை நீளமாக இழுத்து, கூடத்தில் லேப்டாப்பை வைத்து ஆரம்பித்தாள்.

இரண்டு நாள் அந்தப் பிள்ளை அழாத குறைதான். 31 டிகிரி என்று காட்டும், அடுத்த நொடியே 33.5 என்று காட்டும், உடனே 29 என்று இறங்கும். ஒரு கொசு பறப்பதற்குள் அறை நாலு டிகிரி சூடாகிக் குளிருமா? கோடு நேராக வரவில்லை. வந்த இடத்திலும் படிக்கட்டு படிக்கட்டாக வந்தது. "பொட்டி கெட்டுப்போச்சு அப்பாயி, சாருக்கு என்ன பதில் சொல்றது" என்று உட்கார்ந்துவிட்டாள்.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவள். மில்லிவோல்ட் கதையெல்லாம் எனக்கு எட்டாது. ஆனால் எனக்கு இருக்கிற சொத்து நீங்கள்தானே. யார் எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதில் ஒரு பையன் சென்னையில் அளவுக் கருவிகள் விற்கும் கம்பெனி ஒன்றில் தொழில்நுட்ப உதவிப் பிரிவில் இருக்கிறான் என்று கண்டது. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். காலை முதல் இரவு வரை போனில் "எந்தக் கருவி வாங்கலாம்", "வாங்கின கருவி வேலை செய்யல" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதுதான் அவனுக்கு உத்தியோகம். கூப்பிட்டேன்.

"டீச்சர்! சொல்லுங்க டீச்சர். எங்க கம்பெனி பொருள் இல்லேன்னா என்ன, பேத்திகிட்ட போனைக் குடுங்க" என்றான்.

அவன் பேசிய விதத்தைப் பார்த்து எனக்கு ஆச்சரியம். நானாக இருந்தால் "அதைச் செய், இதைச் செய்" என்றிருப்பேன். அவன் எதையும் செய்யச் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தான். என்ன அளக்கிறாய்? எத்தனை இடத்தில்? ஒயர் எத்தனை மீட்டர்? எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை எண் வேண்டும்? அரை டிகிரி வித்தியாசம் தெரிந்தால் போதுமா, இன்னும் நுணுக்கம் வேண்டுமா?

பிறகு என்னிடம் சொன்னான்: "டீச்சர், என்கிட்ட வர்றவங்க எடுத்த எடுப்புல 'எது சார் பெஸ்ட்'னுதான் கேப்பாங்க. எதை அளக்கப்போறீங்கன்னு கேட்டா பாதிப் பேருக்குக் கோவம் வந்துரும். ஒரு இறால் குட்டைக்காரர் ரொம்ப வேகமான, விலை கூடின கருவி வேணும்னு நின்னார். குட்டைத் தண்ணியில ஆக்சிஜன் நிமிஷத்துக்கு ஆயிரம் தடவையா மாறும்? அவருக்குத் தேவை வேகம் இல்ல, ராத்திரி முழுக்க நிக்காம எழுதி வைக்கிற ஒரு சாதாரணக் கருவி. ஏன்னா பகல்ல பாசி ஆக்சிஜன் விடும், எல்லாம் நல்லாவே இருக்கும். விடியறதுக்கு முன்னாடிதான் ரொம்பக் குறையும். பகல்ல மட்டும் அளந்தா, காலையில இறால் செத்து மிதக்கும்போதுதான் தெரியும்."

வேகம் முக்கியமில்லை என்றால் எப்போது முக்கியம் என்று கேட்டேன். அதற்கு அவன் சொன்ன உதாரணத்தை இப்போது எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்கிறேன். காரைக்கால் கடலில் ஓதம் சுமார் 12 மணி 25 நிமிஷத்துக்கு ஒருமுறை ஏறுகிறது. ஒருவர் தினமும் சரியாகக் காலை 6 மணிக்கு மட்டும் கடற்கரைக்குப் போய்த் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு நாளும் ஓதம் 50 நிமிஷம் தள்ளிப்போகும். அவருடைய நோட்டில், கடல் ஏறி இறங்க ஏறக்குறைய 15 நாள் ஆகிறது என்று வரும். எழுதியது எதுவும் பொய்யில்லை. ஆனால் கண்ட முடிவு முழுப் பொய். மாறுகிற பொருளின் வேகத்தைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு வேகமாகப் பார்த்தால்தான் உண்மை தெரியுமாம். முப்பத்தைந்து வருஷம் அறிவியல் பாடம் எடுத்தேன், இது எனக்குத் தெரியாது.

சரி, எங்கள் பெட்டிக்கு வருகிறேன். அவன் ஒவ்வொன்றாகப் பிடித்தான்.

முதலில், "சென்சாரைக் கழட்டிரு. உள்ளே போற ரெண்டு முனையையும் ஒரு சின்ன ஒயரால சேர்த்து வை. எவ்வளவு காட்டுது?" பூஜ்யம் காட்டியது. "சுவர்க் கடிகாரத்துக்குப் போடுற புது பேட்டரி இருக்கா? அதைத் தொட்டுப் பார்." 1.5-க்குக் கொஞ்சம் மேலே காட்டியது. "பாத்தியா? பூஜ்யத்தைப் பூஜ்யம்னு சொல்லுது, ஒன்றரையை ஒன்றரைன்னு சொல்லுது. பொட்டி நல்லா இருக்கு. இனிமே அதைத் திட்டாதே."

இது எனக்கு மிகவும் பிடித்தது. தெரியாததை அளக்கும் முன், தெரிந்ததைக் கொடுத்துக் கருவியைச் சோதி. தராசில் சாமான் வைக்கும் முன் வெறும் தட்டைப் பார்ப்பதில்லையா, அதுதான்.

அடுத்தது படிக்கட்டு. பெட்டிக்குள் இருப்பது 12 பிட் மாற்றியாம். அதாவது 2-ஐ 12 தடவை பெருக்கினால் வருகிற 4096 கோடுகள் போட்ட ஒரு அளவுகோல். பேத்தி அதை மைனஸ் 16 முதல் பிளஸ் 16 வோல்ட் வரை என்ற அளவில் விட்டிருந்தாள். 32 வோல்ட்டை 4096-ஆல் வகுத்தால் ஒரு கோட்டுக்கு ஏறக்குறைய 7.8 மில்லிவோல்ட். அதாவது ஒவ்வொரு படியும் முக்கால் டிகிரிக்கும் மேல். நெல் மூட்டை நிறுக்கிற தராசில் தோடு நிறுத்த கதை! அவன் சொன்னபடி மைனஸ் 1 முதல் பிளஸ் 1 வோல்ட் என்று மாற்றினாள். இப்போது ஒரு கோடு அரை மில்லிவோல்ட், அதாவது டிகிரியில் இருபதில் ஒரு பங்கு. காசு செலவில்லாமல் அதே பெட்டி 16 மடங்கு நுணுக்கமானது. படிக்கட்டு மறைந்தது. கொசுத் துள்ளல் மட்டும் போகவில்லை.

அடுத்தது ஒயர். சென்சாரைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே குட்டை ஒயரில் மாட்டச் சொன்னான். ஓரளவு அடங்கியது. நீள ஒயரில் மாட்டினால் பழையபடி துள்ளியது. எல்எம்35 அவ்வளவு நீள ஒயரைத் தாங்காதாம். அதன் வெளியீட்டுக் காலுக்கு அருகிலேயே 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்க்கச் சொன்னான். ஒயர்களைச் சடை பின்னுவது போல ஒன்றோடொன்று முறுக்கச் சொன்னான். நானும் பேத்தியும் திண்ணையில் உட்கார்ந்து எட்டு மீட்டருக்குச் சடை பின்னினோம். இப்போது பாதி சரியானது. இன்னும் இரண்டு டிகிரி துள்ளியது.

"ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்து. ரெண்டை ஒண்ணா மாத்தினா, சரியானாலும் எதனால சரியாச்சுன்னு தெரியாது" என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். மின்விசிறியை நிறுத்தினோம். மாற்றமில்லை. டியூப் லைட்டை அணைத்தோம். மாற்றமில்லை.

"லேப்டாப் சார்ஜரைக் கழட்டுங்க" என்றான்.

கழற்றினாள். அந்தக் கோடு, கோலம் போடக் கட்டிய நூல் மாதிரி நேராகிவிட்டது. பேத்தி கத்திவிட்டாள். மறுபடி மாட்டினாள், துள்ளியது. கழற்றினாள், நேரானது. பெட்டியும் குற்றமில்லை, சென்சாரும் குற்றமில்லை. இனிமேல் பேட்டரியிலேயே ஓட்டலாம் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

அந்தப் பக்கம் அவன் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "டீச்சர், அந்த சார்ஜர் மூணு பின் பிளக்தானே?" என்றான். ஆமாம் என்றேன். "சார்ஜர் மாட்டியிருக்கும்போது லேப்டாப் மேல வெறுங்கால்ல நின்னு கை வெச்சா ஜிவ்வுன்னு இருக்குமா?" இருக்கும் என்றாள் பேத்தி. "ஃப்ரிட்ஜ்? வாஷிங் மெஷின்?"

வாஷிங் மெஷின் ரொம்ப நாளாகவே லேசாக இழுக்கும். "பழைய மெஷின், அப்படித்தான்" என்று செருப்புப் போட்டுக்கொண்டு துவைத்துக்கொண்டிருந்தோம். அதைச் சொன்னேன்.

"டீச்சர், சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. இன்னைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. அவர் வந்து பாக்குற வரைக்கும் வாஷிங் மெஷினைப் போடாதீங்க, பிளக்கைப் புடுங்கி வையுங்க. உங்க வீட்டுல எர்த் இல்லைன்னு நினைக்கிறேன்."

சாயந்திரம் எலக்ட்ரீஷியன் வந்தார். டெஸ்ட் லேம்பை ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் வைத்தார், எரிந்தது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்தார், எரியவில்லை. கொல்லைப்புறம் போனோம். எர்த் குழி இருந்த இடத்தை மல்லிகைப் பந்தல் மூடியிருந்தது. கிளையை விலக்கிப் பார்த்தால், குழாயில் கட்டியிருந்த இரும்புக் கம்பி உப்புக்காற்றில் இற்று, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. கரியும் உப்பும் போட்டுக் கட்டிய அந்தக் குழியில் கோடைக்குக் கோடை தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று என் மாமனார் சொல்வார். அவர் போன பிறகு யாரும் ஊற்றவில்லை. வாஷிங் மெஷினின் உள்ளே ஒயர் உறை தேய்ந்து மின்சாரம் கசிந்துகொண்டிருந்தது. போக வழியில்லாமல் மெஷின் உடம்பிலேயே நின்றது. "டீச்சரம்மா, ஈரத் தரையில, ஈரக் கையோட, செருப்பு இல்லாம என்னைக்காவது ஒரு நாள் தொட்டிருந்தா..." என்று சொல்லி அவர் மேலே பேசவில்லை. என் மருமகள் அப்படியே சுவரில் சாய்ந்து நின்றுவிட்டாள். தினமும் துவைப்பது அவள்தான்.

மறுநாளே புது எர்த் போட்டோம். 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை அறுத்துவிடும் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போர்டில் மாட்டினோம். அதன் பிறகு சார்ஜர் மாட்டிய நிலையிலேயே கோடு நேராக வந்தது. பேத்தியின் செயல்திட்டமும் நன்றாக முடிந்தது. ஓட்டு அறை வெயில் ஏறும்போது சீக்கிரம் சூடாகிறது, பொழுது சாய்ந்தால் சீக்கிரம் குளிர்கிறது. கான்கிரீட் அறை பகலில் மெதுவாகத்தான் சூடாகிறது, ஆனால் வாங்கிய சூட்டை ராத்திரி சாப்பாடு முடிந்த பிறகும் விடமாட்டேன் என்கிறது. "ஓட்டு வீடுதான் குளிர்ச்சி" என்று பெரியவர்கள் சொன்னது ராத்திரிக்கு உண்மை. மத்தியானத்துக்கு அவ்வளவு உண்மையில்லை.

ஆனால் அன்று ராத்திரி நான் செயல்திட்டத்தை நினைக்கவில்லை. அந்தத் துள்ளலை நினைத்துக்கொண்டிருந்தேன். அதை நாங்கள் தொந்தரவு என்று நினைத்தோம். எப்படியாவது அடக்கிவிடப் பார்த்தோம். சார்ஜரைக் கழற்றியதும் அடங்கியது, போதும் என்று விட்டுவிடத் தயாராக இருந்தோம். அவன் மட்டும்தான் "இது ஏன் வருது" என்று அடுத்த கேள்வி கேட்டான். அந்தக் கேள்விதான் என் மருமகளைக் காப்பாற்றியது.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஐந்தாம் வகுப்பு. மத்தியானம் முதல் பீரியட். அன்று காலை யாரோ பிரிண்ட் எடுத்த காகிதம் ஒன்று ஆசிரியர் அறையில் கைமாறிக்கொண்டிருந்தது. செயற்கைக்கோள் நிற்கிற இதே கதைதான். நம் ஊர்ப் பெருமையாயிற்றே என்று வகுப்புக்குக் கொண்டுபோய் வாசித்தேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு பையன் எழுந்து நின்றான்.

"டீச்சர், நின்னுச்சுன்னு யாரு அளந்தா? எதை வெச்சு அளந்தாங்க?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சாமி விஷயத்துல கேள்வி கேக்கக் கூடாது. உக்காரு." அத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. "பெரிய விஞ்ஞானி வந்துட்டாரு" என்றும் சொன்னேன். வகுப்பே சிரித்தது. அவன் உட்கார்ந்தான்.

அதே பையன்தான் இவன்.

மறுநாள் அவனைக் கூப்பிட்டேன். எர்த் சரிசெய்த செய்தியைச் சொல்லி நன்றி சொல்லிவிட்டு, "தம்பி, அஞ்சாம் வகுப்புல நான் உன்னை ஒரு தடவை..." என்று இழுத்தேன். "ஞாபகம் இருக்கு டீச்சர்" என்றான். சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "அதுக்கப்புறம் ரொம்ப வருஷம் நான் கிளாஸ்ல கையே தூக்கல டீச்சர். எட்டாவதுல வந்த ஒரு சார்தான் மறுபடி கேக்க வெச்சார்" என்றான். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மன்னிப்புக் கேட்டேன். "அய்யோ டீச்சர், என்ன இது" என்றான். "அன்னைக்கு நீ கேட்ட கேள்விக்கு இப்பவாவது பதில் சொல்லுடா" என்றேன். அரை மணி நேரம் பேசினான். எனக்குப் புரிந்ததைத் திருச்சியில் இருக்கும் நாத்தனார் மகளுக்காக எழுதுகிறேன்.

1. பூமிக்குக் கிட்டத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள் விநாடிக்கு ஏறக்குறைய 7.5 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 3 விநாடியில் 22 கிலோமீட்டருக்கு மேல் தாண்டிவிடும். அந்த வேகம்தான் அதை விழாமல் வைத்திருக்கிறது. நின்றால் விழ ஆரம்பிக்கும். 3 விநாடி நின்றுவிட்டு, தள்ளிவிட ஆள் இல்லாமல் அதே வேகத்தில் மறுபடி கிளம்ப அதனால் முடியாது.

2. "நிற்கவில்லை, கருவிதான் வேலை செய்யவில்லை" என்று சிலர் மாற்றிச் சொல்வார்கள். அப்படி ஒரு இடம் உலகத்தில் உண்மையாகவே இருக்கிறது. அது பிரேசிலுக்குப் பக்கத்தில், தெற்கு அட்லான்டிக் கடலுக்கு மேலே. அங்கே பூமியின் காந்தப்புலம் பலவீனமாக இருப்பதால் கதிர்வீச்சு வளையம் கீழே இறங்கி வருகிறது. அந்த இடத்தைத் தாண்டும்போது ஹப்பிள் தொலைநோக்கி தன் ஆராய்ச்சியை நிறுத்தி வைக்கிறது. இதை யாரும் மறைக்கவில்லை. அளந்து, வரைபடம் போட்டு, ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். திருநள்ளாற்றுக்கு மேலே அப்படி ஏதாவது நடந்திருந்தால், அதுவும் அந்த வரைபடத்தில் ஏறியிருக்கும்.

3. நளன் குளக்கரையில் நின்று ஆட்டோக்காரர் போனில் மேப் பார்க்கிறார். அந்த மேப் நாம் நிற்கிற இடத்தைச் சரியாகக் காட்டக் குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சமிக்ஞை ஒரே நேரத்தில் வர வேண்டும். கோயில் வாசலில் தினமும் வந்துகொண்டுதான் இருக்கிறது. பக்கத்தில் காரைக்காலில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் டாப்ளர் ரேடார் நிற்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது அதன் கண்ணைப் பார்த்துச் சொன்ன ரேடார்களில் அதுவும் ஒன்று. கோயிலிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் அத்தனை நுணுக்கமான கருவி ராப்பகலாக வேலை செய்கிறது.

இதைப் படித்துவிட்டு "டீச்சர் சாமியே இல்லைன்னு சொல்லிட்டாங்க" என்று யாரும் கிளம்ப வேண்டாம். நான் இன்றும் சனிக்கிழமை எள் தீபம் போடுகிறவள். 2023 டிசம்பர் 20 சனிப்பெயர்ச்சிக்கு அந்தக் கூட்டத்திலும் நின்றவள். சனீஸ்வரனுக்கு நாசாவின் சான்றிதழ் எதற்கு? தர்ப்பாரண்யேஸ்வரர் கோயிலுக்கு நாமாகப் பொய்யில் ஒரு பந்தல் போட வேண்டுமா?

நம் முன்னோர் ஒன்றும் அளக்காதவர்கள் இல்லை. சனி ஒரு ராசியில் ஏறக்குறைய இரண்டரை வருஷம். 12 ராசிக்கு 30 வருஷம். இன்றைய வானியல் சொல்கிற கணக்கு 29.5 வருஷம். தொலைநோக்கி இல்லாமல், வெறும் கண்ணால், ஒரு மனுஷன் பார்க்க ஆரம்பித்ததை அவன் பிள்ளை தொடர்ந்து பார்த்து எழுதி வைத்தால்தான் இந்த எண் கிடைக்கும். சனிக்கிரகத்தைச் சுற்றிவந்த காசினி விண்கலம் 2004 முதல் 2017 வரை தகவல் அனுப்பியது. சனி ஒரு சுற்று முடிப்பதற்குப் பாதிக் காலம்கூட அதற்குக் கிடைக்கவில்லை. பெருமைப்பட வேண்டுமானால் நம்மவர்களின் இந்தப் பொறுமைக்குப் பெருமைப்படலாமே.

என் மாணவச் செல்வங்களே, உங்களில் நிறையப் பேர் இப்போது ஆசிரியர்களாக இருக்கிறீர்கள், அம்மா அப்பாவாக இருக்கிறீர்கள். வகுப்பில் ஒரு பிள்ளை "யாரு அளந்தா?" என்று எழுந்தால் தயவுசெய்து உட்கார வைக்காதீர்கள். பதில் தெரியவில்லை என்றால் "தெரியலடா, சேர்ந்து பாப்போம்" என்று சொல்லுங்கள். அன்று நான் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லியிருந்தால், அவன் மூன்று வருஷம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டான்.

இன்னொரு வேண்டுகோள். இதைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் கொஞ்சமாவது ஜிவ்வென்று இழுக்கிறதா என்று வீட்டில் கேளுங்கள். இழுக்கிறது என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களாகச் சோதித்துப் பார்க்க வேண்டாம். நம் பக்கம் உப்புக்காற்று, கம்பி சீக்கிரம் இற்றுவிடும். கோடையில் எர்த் குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

திருச்சிக்கு: கண்ணு, நான் சொன்னேன் என்று நம்பாதே. மேலே எழுதியதை உன் மகனிடம் காட்டு. ஏழாம் வகுப்புப் படிக்கிறான் இல்லையா, 7.5-ஐ 3-ஆல் பெருக்கிப் பார்க்கச் சொல். சந்தேகம் இருந்தால் என்னையே கேள்வி கேட்கச் சொல். இந்தத் தடவை நான் பதில் சொல்கிறேன்.

அந்தத் தம்பி இதைப் படிப்பான். நீ பெயர் போட வேண்டாம் என்றாய், போடவில்லை. ஆனால் அன்று வகுப்புக்கு எதிரில் உன்னைச் சிரிக்க வைத்தேன், அதனால் மன்னிப்பும் எல்லோருக்கும் எதிரிலேயே கேட்க வேண்டும் என்று தோன்றியது. நீ கேட்டது சரியான கேள்வி. தப்பு டீச்சருடையது.

எல்லோரும் நல்லா இருங்கள். பேத்தி அடுத்து வாழைத்தோப்பில் மண் ஈரம் அளக்கப் போகிறாளாம். அதற்கு எந்தச் சென்சார் வாங்கலாம் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். "எது பெஸ்ட்" என்று நான் கேட்கவில்லை. தோப்பு அரை ஏக்கர், நாளைக்கு நாலு தடவை அளந்தால் போதும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், திருநள்ளாறு